ரிம்மைக் கழற்றாமல் டயர் விலை சொல்லாத கடை

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். குறைத்த ஒன்று காத்திருப்புக்கும் கழிப்பறைக்கும். டயர் விஷயத்தில் குறையே இல்லை.

கடை மேட்டுப்பாளையத்தில், காய்கறி மண்டிகளுக்குப் போகிற வழியில் இருக்கிறது. போர்டு வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது. வாசலில் தேய்ந்த லாரி டயர்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி, உச்சியில் ஒரு துளசிச் செடி வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம். எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர், அவருடைய மருமகன், இரண்டு பையன்கள். பெரியவர் பேசுவது குறைவு. ஆனால் பேசினால் டயரைத் தவிர வேறு எதையும் பேச மாட்டார்.

நான் கோத்தகிரிப் பக்கம், கட்டபெட்டு தாண்டி ஒரு ஊர். ஒன்றரை ஏக்கர் தேயிலை, முக்கால் ஏக்கர் கேரட். 2009 மாடல் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறோம். 2019இல் மூன்றாவது கையாக வாங்கியது. வீட்டுக்காரருக்கு இடது முட்டி போனதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியவில்லை, அதனால் நான்தான் ஓட்டுகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அக்கம்பக்கத்துக் கேரட்டையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவேன். மற்ற நாளில் பச்சை இலை மூட்டை, ஃபேக்டரிக்கு.

வண்டி வாங்கும்போது 215/75 ஆர்15 டயர் போட்டிருந்தது. அதாவது அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், 15 இன்ச் ரிம். 2022 ஆடியில் அவை மொட்டையாகிவிட்டன. மலை மேலேயே ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கடைக்காரர் வண்டியைப் பார்த்ததும், "லோடு வண்டிக்கு எதுக்குக்கா இவ்வளவு ஒல்லியா? 235 போடுங்க, ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்" என்றார். ரிம்முக்கு ஒத்துவருமா என்று நான் கேட்கத்தான் செய்தேன். பின் ரிம் ஒன்றைக் கழற்றி, இஞ்ச் டேப்பை ரிம்மின் ஒரு வெளி விளிம்பிலிருந்து மறு வெளி விளிம்பு வரைக்கும் பிடித்துக் காட்டினார். ஆறரை இன்ச். "235/75க்கு ஆறரை ரிம்முதான் கணக்கு. தச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்ன கணக்கு சரிதான். அளந்த இடம்தான் தப்பு. அது தெரிய எனக்கு ஒன்றரை வருடமும் நான்கு டயரும் ஆனது.

முதல் இரண்டு மாதம் வண்டி உயரமாக, கம்பீரமாக இருந்தது. நான்கு பேர் கேட்டார்கள், பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. டீசல் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி 11.5 என்று காட்டியது. பங்கில் அளவு குறைக்கிறார்கள் என்று நினைத்து பங்கையே மாற்றினேன். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. 235/75 டயரின் மொத்த விட்டம் 733.5 மில்லிமீட்டர், 215/75க்கு 703.5. அதாவது ஒரு சுற்றுக்கு 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வண்டி ஓடிவிடும், மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 100 காட்டினால் உண்மையில் 104 ஓடியிருக்கிறது. ஏற்றத்தில் முதல் கியர் கொஞ்சம் திணறியதற்கும் இதேதான் காரணம்.

டீசல் போனால் போகட்டும். பயமாக இருந்தது வளைவுதான். கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வழியாக இறங்குகிறவர்களுக்கு அந்தக் கொண்டை ஊசி வளைவுகளைத் தெரியும். பின்னால் கேரட் மூட்டையோடு ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்பக்கம் உடனே திரும்பும். பின்பக்கம் அரை நொடி கழித்துத்தான் வரும். நான் ஒடித்ததைக் கேரட்டெல்லாம் கூடிப் பேசி முடிவெடுத்துப் பின்தொடர்வது போல இருக்கும். ஐப்பசி மழையில், மூடுபனியில், எதிரே பஸ் வரும்போது அந்த அரை நொடி சின்ன விஷயம் இல்லை. திரும்ப அதே கடைக்குப் போனேன். பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "காத்து ஜாஸ்தி" என்று காற்றை 50 பிஎஸ்ஐயிலிருந்து 38க்கு இறக்கினார்கள். அதற்கப்புறம் அரை நொடி முக்கால் நொடியானது.

2024 தை மாதம் ஒரு காலை, மண்டியில் லோடு இறக்கக் காத்திருந்தபோது பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் என் பின் டயரைப் பார்த்துவிட்டு, "இதோட எப்படிங்க மேல ஏறப் போறீங்க?" என்று கேட்டு, இந்தக் கடையைக் காட்டிவிட்டார்.

லோடோடுதான் போனேன். 215/75 ஆர்15 நான்கு என்ன விலை என்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன் டயர் இரண்டையும் உள்ளங்கையால் தடவினார், பின் டயர் இரண்டையும் தடவினார். பிறகு ஒரு சின்ன ஆழமானியைப் பட்டனுக்குள், அதாவது டயரின் மேல் பகுதியில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள், விட்டுப் பார்த்தார். பின் டயரில் நடுவில் 2 மில்லிமீட்டர், ஓரத்தில் 6. முன் டயரில் நடுவும் ஓரமும் கிட்டத்தட்ட ஒன்று.

"நாலும் ஒரே டயரு, ஒரே நாள்ல போட்டது. முன்னாடி ஒரு மாதிரியும் பின்னாடி ஒரு மாதிரியும் தேயுதுன்னா, டயரைக் கேக்கக் கூடாதுங்க அம்மணி. ரிம்மைக் கேக்கணும்."

விலை கேட்டேன் ஐயா என்றேன். "கழட்டாம விலை சொல்றதில்லைங்க."

கழற்றினார்கள். ரிம்மில் துரு. பையன் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தான். பெரியவர் ஒரு சாக்பீஸைப் படுக்கவைத்து, காற்றடைக்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் மெதுவாக உரசினார். பள்ளிக்கூடத்தில் நாணயத்தின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அது மாதிரி எண் எழுந்து வந்தது: 15×5½ஜே. 15 இன்ச் விட்டம், ஐந்தரை இன்ச் அகலம். முன் ரிம்மிலும் அதையே செய்தார்: 15×6ஜே. ஸ்டெப்னியைக் கழற்றச் சொன்னார்: அதுவும் 5½. எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர் வேறு ஏதோ வண்டியின் ரிம் மூன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். ஐந்து நட்டும் கச்சிதமாக உட்கார்ந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேனுவல் புத்தகமும் அவரோடு போய்விட்டது.

நான் ஆறரை இன்ச் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டீல் ஸ்கேலை எடுத்து இரண்டு விதமாக அளந்து காட்டினார். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு 165 மில்லிமீட்டர், ஆறரை இன்ச். பிறகு ஸ்கேலை ரிம்முக்குள் இறக்கி, டயரின் கம்பி விளிம்பு வந்து சாய்கிற இரண்டு உள் சுவருக்கும் நடுவில் பிடித்தார். 140. அது ஐந்தரை இன்ச். ரிம் அகலம் என்பது இந்த உள்ளளவுதான். வெளியே தெரிகிற விளிம்பின் வளைவையும் சேர்த்து அளந்தால் இரும்பு ரிம்மில் ஏறக்குறைய ஒரு இன்ச் கூடிவிடும். டயர் கம்பெனிகளின் அட்டவணையில் போட்டிருப்பதும் உள்ளளவுக்குத்தான்.

அந்த அட்டவணையைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார், பிளாஸ்டிக் உறை போட்டு. 215/75 ஆர்15க்கு ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஆகும். அளவெடுத்த ரிம், அதாவது கம்பெனி டயரை மாட்டி அளந்த ரிம், 6. 235/75 ஆர்15க்கு ஆறிலிருந்து எட்டு வரை. அளவெடுத்த ரிம் ஆறரை. ஆக என் முன் சக்கரம் இரண்டும் கடைசிப் படியில் நின்றிருக்கின்றன. பின் சக்கரம் இரண்டும் படியை விட்டே இறங்கிவிட்டன. சுமை முழுக்கப் பின்னால்.

235 என்றால் தரையில் 235 கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். அந்த எண் டயரின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரைக்குமான அகலம், அதுவும் ஆறரை ரிம்மில் மாட்டி அளந்தது. ரிம் அரை இன்ச் குறைந்தால் டயர் சுமார் 5 மில்லிமீட்டர் ஒடுங்கும். ஐந்தரையில் மாட்டிய என்னுடைய 235, உண்மையில் 225 தான். அகலத்துக்குக் காசு கொடுத்து அதில் பாதியை ரிம்மிடம் பறிகொடுத்திருக்கிறேன்.

சரி, ஒடுங்கினால் ஏன் நடுவில் தேய வேண்டும்? இதைக் கேட்டதும் பழைய லாரி ட்யூபில் வெட்டிய ஒரு பட்டையை எடுத்தார். இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்துக் கைகளை நெருக்கினார். பட்டை நடுவில் திமிர்ந்து வளைந்து எழுந்தது. "இதுதான் உங்க டயரு. காலை இறுக்கிட்டா வயிறு தள்ளும்." பிறகு அதே பட்டையை, கைகளை நெருக்கியபடியே இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். மேல் பகுதி பின்தங்கி பின்தங்கி ஆடியது. என் அரை நொடி அங்கே இருந்தது. சைடு சுவர் நேராக நிற்காமல் உள்ளே சாய்ந்து நின்றால் வளைவில் அது முதலில் மடங்கி, பிறகுதான் ரிம்மின் பேச்சைக் கேட்கும். காற்றையும் குறைத்தால் கேட்கவே வேண்டாம். சூடும் ஏறும், ஒரு மோசமான குழியில் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளவும் கூடும்.

ஆனால் பழியை முழுக்க ரிம்மின் மேல் போடவும் அவர் விடவில்லை. "நீங்க லோடுக்குத் தகுந்த காத்தோட எறங்குறீங்க. ஏறும்போது வண்டி காலி. அதே காத்து. அப்பவும் நடுவுலதான் தேயும்." அதுவும் நியாயம்தான். முப்பது கிலோமீட்டருக்கு மேல் காலி வண்டியாகத்தான் ஏறுகிறேன்.

நேர்மாறாகச் செய்தாலும் தொல்லை என்றார். அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டினால் சைடு வெளிப்பக்கம் சாய்ந்து விறைத்து நிற்கும், ரிம்மின் விளிம்பு டயரை விட வெளியே நீட்டிக்கொண்டு ஒவ்வொரு கல்லிலும் அடிவாங்கும், ஒவ்வொரு குழியும் இடுப்பில் தெரியும். நம் பக்கத்தில் அப்படிச் செய்பவர்கள் குறைவு.

அதற்கப்புறமும் விலை வரவில்லை. எடை மேடைக்கு அனுப்பினார்! லோடு இறக்குவதற்கு முன்னால், பின் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு சீட்டு வாங்கி வரச் சொன்னார். எரிச்சலாக இருந்தது, மண்டியில் என் முறை போய்விடும். ஸ்பேர் டயர் ஒன்றை மாட்டிவிட்டு, பையனையும் கூட அனுப்பினார். சீட்டில் 1,580 கிலோ.

ஜீப், கார் வகையில் வரும் 215/75 ஆர்15இல் சைடில் 100 என்று ஒரு எண் இருக்கும். அது ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. இரண்டு டயருக்கு 1,600. என் சீட்டு 1,580. "இருபது கிலோ மிச்சம் இருக்கு. ஒரு மூட்டை கூட ஏத்தினா?" என்றார். அதே அளவில் எல்டி (லைட் டிரக்) என்று போட்ட, 8 பிஆர் (பிளை ரேட்டிங், டயர் கட்டுமானத்தின் பலத்துக்கான எண்) லோடு டயர் எடுத்துக் காட்டினார். அதில் 106/103. முதல் எண் ஒற்றை டயருக்கு: 950 கிலோ. இரண்டாவது எண், லாரி மாதிரி ஜோடியாக மாட்டுகிறவர்களுக்கு, நமக்கு வேண்டாம். ஆனால் அந்த 950 முழுக் காற்று, 65 அடித்தால்தான் கிடைக்கும். என் எடைக்குப் பின்னால் 55 போதும், முன்னால் 38 என்று முடிவு செய்தார். அகலம் வேண்டும் என்று நான் தேடியது உண்மையில் இந்தத் தாங்கும் சக்தியைத்தான். அது டயரின் கட்டுமானத்தில் இருக்கிறது, அகலத்தில் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

215 என்றால் ஐந்தரை ரிம்மிலேயே போட்டுவிடலாமே, அட்டவணை அனுமதிக்கிறதே என்று கேட்டேன். போடலாம், ஆனால் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று வேண்டாம், ஸ்டெப்னி எங்கே மாட்டினாலும் ஒன்றாக இருக்கட்டும் என்றார். கூடவே, அந்த மூன்று பழைய ரிம்மிலும் ட்யூப்லெஸ் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்துகிற உள் மேடு இல்லை. பின்கட்டிலிருந்து பழைய 6ஜே ரிம் ஐந்தாறு உருட்டி வந்தார்கள். ஒவ்வொன்றையும் நட்டு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார், ஹப்பில் மாட்டிச் சுற்றவிட்டு ஆட்டம் பார்த்தார், ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து உள் விளிம்பு வரை அளந்து என் முன் ரிம்மோடு ஒப்பிட்டார். அந்த அளவு மாறினால் சக்கரம் உள்ளே தள்ளி ஸ்பிரிங் பிளேட்டில் உரசும், அல்லது வெளியே தள்ளி பேரிங்கைத் தின்னும். இரண்டைக் கழித்துவிட்டார். மூன்று தேறியது.

கடைசியில் விலை வந்தது. டயர் ஒன்று 7,400. ரிம் ஒன்று 1,400. ஸ்டெப்னிக்குப் பாதி தேய்ந்த 215 ஒன்று 1,800. கூலி 600. என் முன் டயர் இரண்டையும் 3,000க்கு எடுத்துக்கொண்டார். ஆக 33,200. மலிவு கிடையாது, விசாரித்ததில் வேறு இடத்தில் டயருக்கு முன்னூறு ரூபாய் குறைவு. அப்போது டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பரிலிருந்து 18 ஆகிவிட்டது, அதனால் இப்போது போகிறவர்கள் என் விலையை வைத்துச் சண்டை போட வேண்டாம். பில்லில் நான்கு டயரின் தேதி எண்ணையும் எழுதிக் கொடுத்தார்: 4123. 2023ஆம் வருடம் 41ஆவது வாரம் செய்தது, மூன்று மாதச் சரக்கு. வீட்டுக்கு வந்ததும் பழைய கடையில் போட்ட டயர்களின் படங்களைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். 2022இல் எனக்குப் "புது ஸ்டாக்" என்று போட்டது 2219. மூன்று வருடம் கடையில் தூங்கிய டயர்.

குறைகளையும் சொல்ல வேண்டும். காலை ஒன்பதுக்குப் போனவள் கிளம்பும்போது மணி ஒன்றரை. நடுவில் ஒரு லாரி வந்தால் உங்கள் வண்டி ஜாக்கியிலேயே நிற்கும். உட்கார இரண்டு டயர், அவ்வளவுதான். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்வர வேண்டும். அலைன்மெண்ட் அங்கே செய்வதில்லை, வேறு இடத்தில் தனிக் காசு. மருமகன் நட்டை மெஷின் வைத்து இறுக்கிவிட்டார். பெரியவர் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் தளர்த்தி, ஸ்பேனரால் குறுக்கும் நெடுக்குமாகத் திரும்ப இறுக்க வைத்தார். மாமனாரும் மருமகனும் அதற்காகப் பத்து நிமிடம் பேசிக்கொள்ளவில்லை. நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், இரண்டு நட்டு கால் சுற்று போனது.

கிளம்பும்போது கேட்காமலே ஒன்று சொன்னார். காற்றை வீட்டில், விடியற்காலை, வண்டி எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். மலை இறங்கி வந்ததும் பார்த்தால் பிரேக் சூட்டிலும் ஓட்டத்திலும் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து குறைத்துவிடக் கூடாது.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகப்போகிறது. 31,000 கிலோமீட்டர். பின் டயரில் நடுவுக்கும் ஓரத்துக்கும் அரை மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்லை. இப்போது ஒவ்வொரு முறையும் மண்டியிலிருந்து கிளம்பும்போது பின் காற்றைக் குறைத்து, மறுநாள் காலையில் கைப்பம்பால் ஏற்றுகிறேன் என்று எழுதினால் அது பொய். சில நாள் செய்கிறேன். வளைவில் பின்பக்கம் முன்பக்கத்தோடு சேர்ந்தே வருகிறது. மீட்டரும் ஒழுங்காகக் கணக்குச் சொல்கிறது. பழைய பங்குக்கே திரும்பிப் போய்விட்டேன். அவர்களிடம் காரணம் சொல்லவில்லை.

கழற்றிய ஐந்தரை ரிம் மூன்றையும் பெரியவர் பழைய இரும்புக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒன்றை மட்டும் நான் கொண்டுவந்துவிட்டேன். கேரட் தோட்டத்து ஓஸ் பைப்பை அதில்தான் சுற்றி வைக்கிறோம், அளவாக இருக்கிறது. போன மாதம் குன்னூரிலிருந்து அண்ணன் மகன் வந்திருந்தான். பழைய ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறான், அதில் 31×10.50 ஆர்15 (31 இன்ச் உயரம், பத்தரை இன்ச் அகலம்) டயர் போட வேண்டும் என்று ஒரே துடிப்பு. அதற்கு ஏழிலிருந்து ஒன்பது இன்ச் ரிம் வேண்டுமடா, உன் ரிம் எத்தனை என்று கேட்டேன். அளக்கத் தெரியாதா எனக்கு என்று இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய், ஓஸ் பைப்பை நகர்த்தி, இந்த ரிம்மில் பிடித்துக் காட்டினான்.

"பாருங்க அத்தை, இது ஆறரை."